கம்பில்லாமல் ஒன்பதாம் நம்பர் மலை

வீரய்யா கங்காணியின் கம்பு எந்த வருடம் காலாக மாறியது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

முப்பது வயதில் கங்காணி வேலை கிடைத்த கையோடு பதுளைச் சந்தையில் வாங்கிய கம்பு அது. காப்பி மரத்துக் கம்பு, அடியில் பித்தளைப் பூண். அந்தக் காலத்தில் அது தரையைத் தொட்டதே கிடையாது. பெரும்பாலும் கக்கத்தில் இருக்கும். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் காக்கிக் காற்சட்டைமேல் டப் டப் என்று தட்டும். மலையில் யாராவது முற்றல் இலையைக் கூடையில் போட்டால் மூன்று நிரைக்கு அப்பாலிருந்தே சுட்டிக் காட்டும். நாற்பத்தைந்து வயதில், நிற்கும்போது மட்டும் லேசாக ஊன்ற ஆரம்பித்தார். அது கம்பீரமாக இருக்கிறது என்று ஊரார் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். ஐம்பதில், மழைத்தண்ணீர் ஓடுகிற கான் தாண்டும்போது ஊன்றினார். இப்போது ஐம்பத்தெட்டு. கம்பு முன்னே போகிறது, கங்காணி அதன் பின்னால் போகிறார்.

குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் தினமும் நடக்கிற காரியம் இது. ஆனாலும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதிகாரத்தில் இருக்கிறவன் கையில் கம்பு இருந்தால் அதை அதிகாரம் என்றே எடுத்துக்கொள்வது ஜனங்களின் வழக்கம். அவன் அதன்மேல் சாய்ந்து மூச்சு வாங்கினால்கூட, அடுத்து யாரை ஏசலாம் என்று யோசிக்கிறார் போலிருக்கிறது என்று பயந்து கையை வேகமாக ஓட்டுவார்கள். வீரய்யாவின் மலையில் கொழுந்து அதிகம் விழுந்ததற்கு அவருடைய முழங்கால்தான் காரணம் என்று தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்குத் தெரியாது.

தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி பெரியாயி. முன்பெல்லாம் ஒற்றைக் காலில் நின்றபடியே காற்சட்டையை மாட்டிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் மற்றக் காலையும் நுழைத்துவிடுகிற மனுஷன், இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரே நேரத்தில் விட்டு, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவதை அவள் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவக் கண்ணை மூடினால் மலையே ஒரு பக்கம் சாய்கிறது என்று அவர் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொள்வதும் அவளுக்குத் தெரியும். அவள் எதுவும் கேட்டதில்லை. பெஞ்சை மட்டும் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருடம், தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் சிவஞானம் தொழிலாளர்களின் விடுதலைக்காக அந்தக் கம்பைப் பிடுங்கப் புறப்பட்டார்.

சிவஞானத்துக்கும் வீரய்யாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முப்பத்தேழு வருடமாகக் கிடையாது. இருவருக்கும் இருபது வயதை ஒட்டிய காலத்தில், ஒரு தைப்பொங்கலுக்குத் தோட்டத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். பெரட்டுக் களத்திலிருந்து ஒன்பதாம் நம்பர் மலை வழியாகத் தேயிலைக்குள்ளேயே இறங்கிக் கீழ்ரோட்டைத் தொட வேண்டும். முக்கால் மலைவரைக்கும் சிவஞானம்தான் முன்னால். அங்கே குறுக்கே பெரிய கான் ஒன்று உண்டு, மழைத்தண்ணீர் போக வெட்டியது, ஒரு ஆள் ஆழம் இருக்கும். அதைத் தாண்டுகிற சமயத்தில் சிவஞானம் உள்ளே போய்விட்டார், வீரய்யா கீழ்ரோட்டுக்குப் போய்விட்டார். பரிசாக ஒரு சரிகைத் துண்டு கொடுத்தார்கள். இடித்துத் தள்ளினான் என்பது சிவஞானம் கட்சி. கால் வழுக்கினதுக்கு நான் என்ன செய்ய என்பது வீரய்யா கட்சி. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். "கங்காணிகிட்ட சொல்லு" என்பார் ஒருவர். "அந்த ஆளுக்குச் சொல்லு" என்பார் மற்றவர். நடுவில் நிற்கிறவன் வாயைத் திறப்பதற்குள் இருவருக்கும் விஷயம் விளங்கிவிடும்.

சங்கம் வந்ததும் சிவஞானம் தலைவரானார். கான் வெட்டுகிற கூட்டத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் தலைமை. தலைவர் என்பதற்கு அடையாளமாக ஒரு கறுப்புக் குடை வைத்திருந்தார். வெயிலானாலும் மழையானாலும் அது கையிலேயே இருக்கும், அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வருடம் சங்கம் பெரிய துரைக்குப் பன்னிரண்டு கோரிக்கை எழுதிக் கொடுத்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, பீலியில் தண்ணீர் வரவில்லை, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குக் கதவில்லை, முந்நூறு பேருக்கு இரண்டு கக்கூஸ், இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதைச் சிவஞானம் தன் கையாலேயே எழுதினார். "கங்காணிமார் கையில் தடி, கம்பு, பிரம்பு அல்லது அவை போன்ற எதுவும் இருப்பது அடிமைத்தனத்தின் சின்னம். மலையில் எவரும் இவற்றை ஏந்துவது உடனே நிறுத்தப்பட வேண்டும்." 'அவை போன்ற எதுவும்' என்ற இடத்தில் அவருக்கே புல்லரித்தது. கமிட்டிக் கூட்டத்தில் அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

பெரிய துரை புதிதாக வந்தவர். முப்பத்திரண்டு வயது, மலையில் ஆடு மாதிரி ஏறுவார். பன்னிரண்டையும் கவனமாகப் படித்தார். பதினொன்றுக்குத் தகரம், குழாய், பலகை என்று ஏதாவது வாங்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாவதுக்கு ஒன்றுமே வாங்க வேண்டியதில்லை. நியாயமான மனிதராகையால் அதை உடனே ஒப்புக்கொண்டார்.

வெற்றி விழா லயத்து வாசலில் நடந்தது. மழை பெய்ததால் எல்லோரும் உள்ளே போய், ஒழுகுகிற கூரைக்குக் கீழே நனையாத இடமாகப் பார்த்து நின்று, தலைவருக்கு மாலை போட்டார்கள்.

மாதப் பிறப்பிலிருந்து கம்பு கூடாது என்று, சிவஞானம் எழுதிய வாசகத்தையே போட்டு, பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. வீரய்யா அதை வாசித்துவிட்டு, கம்பின்மேல் இரண்டு கையையும் வைத்து வெகுநேரம் நின்றார். கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவருக்கு வந்தது கோபமில்லை, பயம். போன மாதம்தான் முத்துக்கறுப்பன் கங்காணி மழையில் சறுக்கி உட்கார்ந்ததைப் பெரிய துரை பார்த்துவிட்டார். "போதும் கங்காணி, ரெஸ்ட் எடு" என்று அன்பாகச் சொல்லி வேலைப் பதிவில் பெயரை வெட்டிவிட்டார். பெயர் வெட்டினால் குடியிருக்கத் தோட்டம் கொடுத்த காம்பராவும் போகும். வீரய்யாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, அவர் பெயரில்தான் லயத்துக் கோடியில் அந்தத் தொங்கல் காம்பரா இருக்கிறது. அது போனால் ஹல்துமுல்லையில் மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மருமகன் நல்லவன். அதுதான் கஷ்டம். "மாமா எப்ப வந்தாலும் வரட்டும், மாட்டுக்குப் புல்லு வெட்ட ஆளில்லாமத்தான் கிடக்கு" என்று இப்போதே சொல்லி அனுப்பியிருந்தான்.

அறுபதுவரைக்கும் எப்படியாவது மலையில் நின்றுவிட வேண்டும் என்பதுதான் வீரய்யாவின் ஆசை. அறுபதுக்கு அப்புறம் என்ன என்று கேட்கக் கூடாது. ஐம்பத்தெட்டில் இருக்கிறவனுக்கு அறுபது ரொம்ப தூரம்.

அவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டரய்யா கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்து, பாதிப் பேரைக் குணப்படுத்தியவர். வீரய்யா கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார்.

"அப்பிடியே? சரி, ஒற்றைக் காலில நில்லும் பாப்பம்" என்றார் டாக்டரய்யா.

வீரய்யா காலைத் தூக்கினார். மூன்று எண்ணுவதற்குள் மருந்து அலமாரியைப் பிடித்தார்.

"அப்பிடி இல்லை காணும். தோளை நிமித்தி, நேர பாத்து, இப்பிடி" என்று டாக்டரய்யா தன் காலைத் தூக்கிக் காட்டினார். ஒன்று என்றார். இரண்டு என்று சொல்லும்போது அவரும் அலமாரிக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். உள்ளே போத்தல்கள் கிலுகிலுத்து ஓய்ந்தன.

"இந்தச் சீமெந்துத் தரை சரியில்லை" என்றார் டாக்டரய்யா.

"ஆமாங்க" என்றார் வீரய்யா.

"இஞ்ச பாரும், உமக்கு வருத்தம், வியாதி ஒண்டும் இல்லை. வயசு. கண், காதுக்குள்ள ஒரு சாமான், உள்ளங்கால். இந்த மூண்டும் ஒண்டோட ஒண்டு கதைச்சுத்தான் மனிசனை நிமித்தி வைச்சிருக்குது. வயசு போகப் போக மூண்டுக்கும் கதை பேச்சு குறைஞ்சு போகுது."

"காது எனக்கு நல்லா கேக்குதுங்களே."

"கேக்கிற காது வேற ஐசே. உமக்கு நான் ஒரு துண்டுக் கடிதம் எழுதித் தாறன். கம்பு இல்லாமல் இவரால நடக்க ஏலாது எண்டு எழுதினால் துரை ஓம் எண்டுவார்."

வீரய்யா பதறிப்போனார். "வேணாங்க! கம்பில்லாம நடக்க முடியாதுன்னு எழுதுனா, கம்பக் குடுத்துட்டுப் பேர வெட்டிருவாங்க. சாமி சத்தியமா யார்கிட்டயும் சொல்லிறாதீங்க." டாக்டரய்யா தலையை ஆட்டினார், ஆனால் அந்தத் தலையை நம்ப முடியாது. அவருக்கு உதவி செய்கிற குணம் உண்டு.

வீரய்யா நோட்டீசை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பு அதிகாரத்துக்கு என்று சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். காலுக்கு என்று சொன்னால் வேலையைப் பிடுங்கிவிடுவார்கள். இதற்கு நடுவில் ஒரு வழி இருந்தால் அது அவருக்குத் தெரியவில்லை.

கங்காணிமார் எல்லோரும் சேர்ந்து முறையிட்டதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரட்டுக் களத்தில் விசாரணை வைத்தார் பெரிய துரை. பக்கத்தில் பெரிய கிளாக்கர் தர்மராசா பேனாவோடு உட்கார்ந்தார். டாக்டரய்யா நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றார். குடையும் கையுமாகச் சிவஞானம். சுற்றிலும் தோட்டத்து ஜனம், வேறு வேலையில்லாத நாள் என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல்.

"ஒவ்வொரு கங்காணியும் கம்பு என்னாத்துக்குன்னு சொல்லு. நல்ல காரணம் இருந்தா நா யோசிக்கிறேன்" என்றார் துரை.

முதல் கங்காணி பாம்புக்கு என்றார். இந்தத் தோட்டத்தில் பாம்பு கடித்து எத்தனை பேர் வந்தார்கள் என்று துரை கேட்க, "ஒருத்தரும் இல்லை சேர்" என்றார் டாக்டரய்யா. இரண்டாவது கங்காணி நாய்க்கு என்றார். அதுவரை படுத்திருந்த நாயொன்று எழுந்து வந்து அவர் காலடியில் வாலை ஆட்டியது. மூன்றாவதாக வீரய்யா.

அவர் கம்பின் பித்தளைப் பூணைப் பார்த்தார். துரை காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து டாக்டரய்யாவின் நல்ல மனம் கிளம்பியது. "சேர், இந்த மனிசனுக்கு உண்மையிலே என்னண்டால்..."

"அடிக்கத்தாங்க!" என்று கத்தினார் வீரய்யா.

வீரய்யாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சொல்லியாயிற்று. வயசாளி என்பதைவிடப் பொல்லாதவன் என்பது எவ்வளவோ மேல் என்று அந்தக் கணத்தில் அவருக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சிவஞானத்தின் முகத்தில் பொங்கல் வந்துவிட்டது. ஏழு வருடமாக எல்லாக் கூட்டத்திலும் கங்காணிமார் அடிக்கிறார்கள் என்று பேசி வந்தவர் அவர். அடி வாங்கிய ஆள் ஒன்று மட்டும் கிடைக்காமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். "எழுதிக்குங்க கிளாக்கரய்யா! அவரு வாயாலயே வந்துருச்சு!"

"யாரை அடிச்சே?" என்றார் துரை.

வீரய்யா கூட்டத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் யாரை அடித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு முகமும் வரவில்லை. முன்வரிசையில் மாரியாயி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "மாரியாயியங்க. போன மாசம், ஏழாம் நம்பர் மலையில. கால்லயே போட்டேன்."

மாரியாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றாள். "என்னையா? அடப்பாவமே! கெண்டைக் கால்ல அட்டை ஏறிருச்சு, கூடையோட குனிய முடியல. கம்பு நுனியால தட்டி விட்டீங்க. அதுக்குப் பேரு அடியா?"

"வலிச்சுச்சுல்ல?" என்றார் வீரய்யா, கெஞ்சுகிற குரலில்.

"அட்டைக்கு வலிச்சிருக்கும்."

"பயப்படாமச் சொல்லு மாரியாயி, சங்கம் இருக்கு!" என்று சிவஞானமும் கெஞ்சினார்.

"சங்கம் இருந்தா அட்டை கடிக்காதா? தொரைங்களே, இந்த மனுசன் வாய்தான் பெருசு. ஏசுவாரு, பேயாட்டம் கத்துவாரு. கையோங்கினதில்ல. புள்ளத்தாச்சியா இருந்தா மேட்டு நிரையக் குடுக்க மாட்டாரு. நம்ம கங்காணி மேல அபாண்டம் சொல்லாதீங்க, அவரே சொன்னாலும் சரி."

பெண்கள் எல்லோரும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் வீரய்யாவுக்குக் கண் கலங்கியிருக்கும். இன்றைக்கு அவர்கள் ஒவ்வொரு நல்ல வார்த்தையாலும் அவரைப் பிடித்து ஹல்துமுல்லை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் எழுந்து இன்னும் பழைய உதவிகளை ஞாபகப்படுத்தத் தொடங்க, அவர் அவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

துரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வீரய்யா கம்பை ஊன்றி நிற்கிற விதத்தைப் பார்த்தார். இத்தனை நாளில், வீட்டுக்கு வெளியே, அதைத் தானாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். "பாம்புக்கு இல்ல, நாய்க்கு இல்ல, அடிக்கவும் இல்ல. சரி கங்காணி, கம்பு கீழ வை. ஒன்பதாம் நம்பர் மலையில கம்பில்லாம கீழ்ரோட்டுக்கு எறங்கு. எறங்கினா நீ கங்காணி. விழுந்தா ரெஸ்ட்."

கம்பைக் கிளாக்கரின் மேசைமேல் வைத்தபோது வீரய்யாவின் கை விரல்கள் அதை லேசில் விடவில்லை.

"தலைவர் கூடப் போகட்டும். சாட்சி" என்றார் துரை. சிவஞானம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே வந்தார். துரை நோட்டீசின் பிரதியைக் கையில் எடுத்தார். "நில்லு. குடை?"

"குடை... மழைக்குங்க."

"மழை இல்லையே." துரை நோட்டீசில் விரலை வைத்தார். "தடி, கம்பு, பிரம்பு அல்லது அவை போன்ற எதுவும். மலையில எவரும். நீதானே எழுதினே? நல்லா எழுதியிருக்கே."

சிவஞானம் குடையை மேசைமேல் வைத்தார். அதை வைத்ததும் அவருடைய வலது கை தானாக ஒருதரம் காற்றைப் பிடித்துப் பார்த்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. வீரய்யா கவனித்தார். பிடிக்க ஒன்றும் இல்லாத கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஏழு வருடமாக விரியாத குடையின் இரகசியம் அவருக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. அட திருட்டுப் பயலே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

இருவரும் மலையில் இறங்கினார்கள். முதல் பத்து அடி ஆளுக்கொரு நிரையில், தனித்தனியாக, மிகவும் மரியாதையாக நடந்தார்கள். ஒன்பதாம் நம்பர் மலையைச் சாய்வு என்று சொல்வது துரைமாரின் வரைபடத்துக்குச் சரி. கூடை போட்ட பெண்கள் அதில் விறுவிறுவென்று ஏறி இறங்குவார்கள். வெறுங்கையோடு மேலேயிருந்து பார்க்கிற ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு அது கிணறு. வீரய்யா பக்கவாட்டில் திரும்பி, பாதத்தால் மண்ணைத் தடவித் தடவி வைத்தார். ஒரு காலை எடுக்கிற நேரமெல்லாம் மற்றக் கால் அவரைக் கேட்காமல் நடுங்கியது. தேயிலைக் கிளையைப் பிடிக்கலாம் என்றால், கொழுந்தை முறிக்கக் கூடாது என்று இருபத்தெட்டு வருடமாகக் கத்தியவர் அவர்தான். மேலே முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியாயியும் அதில் இருந்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு.

பக்கத்து நிரையில் மூச்சுச் சத்தம் கேட்டது. சிவஞானம் ஒரு கல்லின்மேல் நின்றுகொண்டு அடுத்த அடிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. பிறகு கல் புரண்டது.

யார் முதலில் கையை நீட்டினார்கள் என்பது இன்றுவரைக்கும் தீரவில்லை. சிவஞானத்தின் கை வீரய்யாவின் தோளில் இருந்தது, வீரய்யாவின் கை சிவஞானத்தின் இடுப்பில் இருந்தது. நாலு காலும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் கண்டுபிடித்து நின்றன.

மேலே ஒரே ஆரவாரம். முப்பத்தேழு வருடம் பேசாத இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு போவதை ஜனம் அன்றைக்குத்தான் பார்த்தது. யாரோ கையைத் தட்ட, களம் முழுக்கத் தட்டியது. மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிர்வாகமும் சங்கமும் கைகோத்துவிட்டன என்று கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதினார். துரை கேமராவைக் கொண்டுவரச் சொன்னார்.

நடுவில் ஆள் இல்லாததால் அவர்கள் நேராகவே பேச வேண்டியிருந்தது.

"எத்தன நாளா?" என்றார் வீரய்யா, உதடு அசையாமல்.

"என்ன எத்தன நாளா?"

"கொட."

சிவஞானம் நாலு அடியை எண்ணி எண்ணி வைத்தார். "அஞ்சு வருசம். ஒனக்கு?"

"மூணு."

"பொய் சொல்லாத."

"சரி, எட்டு."

பெரிய கான் வந்துவிட்டது. இளவயதில் இருவரும் பறந்து தாண்டப் பார்த்த கான், ஒருவர் மட்டும் தாண்டாத கான். இப்போது அதன் குறுக்கே ஒரு மரத்துண்டு போட்டிருந்தார்கள், ஒரு பாதம் வைக்கிற அகலம். இருவரும் கரையில் நின்றார்கள்.

"இப்ப சொல்லு" என்றார் சிவஞானம். பிடி இறுகியது. "அன்னைக்கு நீ இடிச்சியா, இல்லையா? சொல்லாட்டி கைய விட்டுருவேன்."

"விடு. நீயும்தான் விழுவ."

சிவஞானம் அதை யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் இருந்தது. வீரய்யா முன்னால் போக, சிவஞானம் அவர் போட்டிருந்த காக்கிக் கோட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பின்னால் வர, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக மரத்துண்டைக் கடந்தார்கள். நடுவில் வீரய்யாவின் முழங்கால் ஒருதரம் மடங்கியது. பின்னாலிருந்த கை கோட்டை மேலே இழுத்துப் பிடித்தது. விட்டிருந்தால் முப்பத்தேழு வருடக் கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும், தான்மட்டும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சிவஞானம் விடவில்லை. அது வீரய்யாவுக்குத் தெரிந்தது.

மறுபடி தோளில் கை போட்டபடி, கீழ்ரோட்டை இரண்டு பேரும் ஒன்றாகத் தொட்டார்கள்.

துரை வேறு பாதையால் ஓடி வந்து கைகொடுத்தார். கங்காணி கங்காணியாகவே இருக்கலாம் என்றார், கம்பு மட்டும் கூடாது என்றார். அப்போது சிவஞானம் மேடையில் பேசுகிற குரலை எடுத்தார். "தொரைங்களே, சங்கத்துக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இந்தக் கங்காணி திரும்பவும் கம்ப எடுத்துருவாரு. அதனால சங்கத்துத் தலைவரு தினமும் அவருகூடவே மலையில நின்னு பாத்துக்கணும். இதுதான் எங்களோட பதிமூணாவது கோரிக்கை." இதற்கும் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்று கண்ட துரை அங்கேயே சம்மதித்தார். நாளையிலிருந்து சிவஞானத்துக்கு வீரய்யாவின் மலையிலேயே கான் பார்க்கிற வேலை என்று கிளாக்கருக்குச் சொல்லிவிட்டுப் போனார். மேலே சங்கத்துக்கு ஜே என்ற சத்தம் கேட்டது.

ரோட்டில் இருவரும் தனியாக நின்றார்கள். சமதரை. பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

"இடிச்சேன்" என்றார் வீரய்யா.

சிவஞானம் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். "தெரியும்."

"அந்தச் சரிகைத் துண்டு இன்னும் பொட்டியிலதான் இருக்கு. ஒரு நாளும் போட்டதில்ல."

"அதுவும் தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சிவஞானம் தோளிலிருந்து கையை எடுக்கப் போகிறார் என்று வீரய்யா நினைத்தார். எடுத்தால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்தார்.

"நாளைக்கு எத்தனாம் நம்பர் மலை?" என்றார் சிவஞானம்.

"பன்னெண்டு."

"அங்க ஏழு கான் இருக்கு. நாந்தான் வெட்டுனேன்." கை தோளிலேயே இருந்தது. "வெள்ளனவே வந்துரு, ஆளுங்க வாறதுக்கு முன்ன எறங்கிரணும்."